சொல்ல அனுமதியில்லாத செய்தி: தென்சென்னைப் புறநகரின் சமுதாய வானொலிகள்

கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வரும் அண்ணா எஃப்.எம். ஒலிபரப்பாவது 90.4 மெகாஹெர்ட்சில். காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். வளாகத்திலிருந்து வரும் முத்துச்சரம் சமுதாய வானொலிக்கும் அதே 90.4தான். ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் மோதிக்கொள்ளாமல் இயங்க முடிவதற்குக் காரணம், சமுதாய வானொலிக்கு அரசு அனுமதிக்கும் மிகக் குறைந்த திறன். பொதுவாக 100 வாட் கதிர்வீச்சுத் திறன், 30 மீட்டருக்கு மிகாத கோபுரம். இந்த அளவில் ஒலி ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டர் வரை தெளிவாகப் போகும். அதற்கப்பால் கட்டடங்களும் இரைச்சலும் விழுங்கிவிடும். கிண்டிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையில் ஏறக்குறையச் சரிபாதித் தூரத்தில் இருக்கிறது தாம்பரம். இரண்டு வட்டங்களின் விளிம்பும் உரசிக் கரையும் இடம் அது. எழுபது வார்டுகள் கொண்ட ஒரு மாநகராட்சியின் பெயரே இதுபோன்ற நிலையங்களின் வரைபடத்தில் ஓரத்துக்குப் போய்விட்டதற்கு அலைவரிசைப் பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். பொறியாளர்கள் சொல்லும் அந்த விளக்கம் தவறில்லை. ஆனால் அது பாதி விளக்கம்.

மீதிப் பாதி சட்டத்தில் இருக்கிறது. ஒரு வானொலி எத்தனை கிலோமீட்டர் எட்டுகிறது என்பதை வைத்து அதை உள்ளூர் வானொலி என்று சொல்லிவிட முடியாது. அந்த வட்டத்துக்குள் இன்று காலை என்ன நடந்தது, யார் அதற்குப் பொறுப்பு என்று அங்கே வசிப்பவர்களுக்கு அதால் சொல்ல முடிகிறதா என்பதே அளவுகோல். இந்தியச் சமுதாய வானொலிக்கு எல்லா வசதிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தந்த அரசு, இந்த ஒன்றை மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மறுத்து வந்திருக்கிறது. தென்சென்னைப் புறநகரில் சமுதாய வானொலிகள் கல்லூரி வளாகங்களோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதற்குப் பணம், தொழில்நுட்பம், மக்களின் ஆர்வமின்மை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவை எல்லாமே இந்த மறுப்பிலிருந்து கிளைத்தவை, அல்லது இந்த மறுப்பால் தீவிரமடைந்தவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

சென்னையில் வானொலி தொடங்கியதே உள்ளூர் முயற்சியாகத்தான். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண வானொலிச் சங்கம், 40 வாட் திறனுள்ள சிறிய கருவியை வைத்துக்கொண்டு அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. இன்றைய சமுதாய வானொலிகளின் திறனில் பாதிகூட இல்லை. மூன்றாண்டுகளில் பணம் தீர்ந்தது. 1927இல் சங்கம் கடையைக் கட்டியது. அதற்குப் பின் நடந்ததைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வானொலியை நடத்தியது சென்னை மாநகராட்சி. மாலைகளில் இசை, மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பாடம், வானொலிப் பெட்டி வாங்க வழியில்லாதவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் என்று எட்டாண்டுகள் அது நடந்தது. அந்த ஒலிபரப்பை மக்கள் மேடை என்று கொண்டாடிவிடக் கூடாது. இசையின் தேர்விலும் பேச்சின் தொனியிலும் அது மேல்தட்டு நகரத்தின் குரலாகவே இருந்திருக்கும்; அன்றைய மாநகராட்சிக்கு வாக்களிக்கும் உரிமையே சொத்துள்ளவர்களுக்குத்தான். இருந்தாலும் தெருவிளக்கு, குடிநீர், குப்பை ஆகியவற்றோடு வானொலியையும் நகர நிர்வாகத்தின் வேலையாக ஒரு மன்றம் கருதியது என்பது சாதாரணச் செய்தியில்லை.

1938 ஜூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் மாநகராட்சியின் பணி முடிவுக்கு வந்தது. தரமும் வீச்சும் கூடின, எல்லையும் கூடியது. மாகாணம் முழுவதற்குமான நிலையம் தமிழிலும் தெலுங்கிலும் பேச வேண்டியிருந்தது. திருச்சிக்கு 1939இலும் விஜயவாடாவுக்கு 1948இலும் தனி நிலையங்கள் வந்த பிறகும் சென்னை நிலையம் ஒரு பேட்டைக்கானதாக ஆகவில்லை, ஆகவும் முடியாது. வானொலி உள்ளூர்த் தேவைக்கு நெருங்கி வரும்போது என்ன நடக்கும் என்பதற்கு அகில இந்திய வானொலியே சான்று தந்திருக்கிறது. அறுபதுகளில் பண்ணை ஒலிபரப்பின் வழியாகத் தஞ்சை வட்டாரத்தில் பரவிய ஏ.டி.டி. 27 நெல்லை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். அது அரசுக்குச் சொல்ல விருப்பமான செய்தி, அதனால் சொல்லப்பட்டது. நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பும் 1977 ஜூலை 23இல் சென்னையிலிருந்துதான் தொடங்கியது. பண்பலை என்பது இயல்பிலேயே குறுகிய தூரம் போகும் நுட்பம், ஊருக்கு ஒன்று என்று வைக்கத் தோதானது. அந்தத் தோதை யாரும் உடனே பயன்படுத்திக்கொள்ளவில்லை.

கதவு திறந்தது நீதிமன்றத்தில். 1995 பிப்ரவரி 9ஆம் நாள், வங்காளக் கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில், அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுச்சொத்து என்றால் அரசுச் சொத்து இல்லை என்பது தீர்ப்பின் உள்ளுறை. அரசு இதற்குக் கொடுத்த விடை இரண்டு வகையாக இருந்தது. பணமுள்ளவர்களுக்கு ஏலம், அதன் வழியே தனியார் பண்பலைகள் 2003 வாக்கில் சென்னைக்கு வந்தன. பணமில்லாதவர்களுக்கு 2002 டிசம்பரில் ஒரு வழிகாட்டு நெறி. ஆனால் அந்த நெறி ‘நன்கு நிலைபெற்ற கல்வி நிறுவனங்களுக்கு’ மட்டுமே உரிமம் தந்தது. பொதுச்சொத்தின் பங்கு கேட்டு நின்ற கிராமச் சங்கங்களும் தொண்டு அமைப்புகளும் வெளியே நிறுத்தப்பட்டன. இந்த நெறியின்கீழ்தான் 2004 பிப்ரவரி முதல் தேதி அண்ணா எஃப்.எம். தொடங்கியது; இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி என்ற பெருமை கிண்டிக்குக் கிடைத்தது. கல்லூரிகளை அரசு நம்பியதற்குக் காரணம் தெளிவு. கல்லூரிக்கு முகவரி உண்டு, நிர்வாகம் உண்டு, அங்கீகாரத்தை இழக்கும் அச்சமும் உண்டு. ஒரு வகையில் தணிக்கை செலவில்லாமல் நடக்கும்.

இந்த விதியோடு தென்சென்னையின் நிலவியல் சரியாகப் பொருந்திக்கொண்டது. கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த நாளிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை கல்விச் சாலையாக மாறத் தொடங்கியது. எண்பதுகளுக்குப் பிறகு பல்லாவரம், சேலையூர், வண்டலூர், காட்டாங்குளத்தூர் என்று பொறியியல் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் வரிசையாக எழுந்தன. பழைய மாமல்லபுரம் சாலையிலும் அதே கதை. வானொலி உரிமத்துக்கு அரசு கேட்ட தகுதி, நிலமும் கட்டடமும் கணக்குத் தணிக்கை அறிக்கையும் கொண்ட நிறுவனம். அது நாட்டிலேயே மிக அடர்த்தியாக இருந்த வட்டாரங்களில் இது ஒன்று. ஆக, இங்கே சமுதாய வானொலி வந்தது சமுதாயத்தின் கோரிக்கையால் இல்லை, கல்லூரிகளின் அடர்த்தியால்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. கல்லூரிகள் இல்லாவிட்டால் நிலையங்களே இருந்திருக்காது, மின்கட்டணத்தை யார் கட்டியிருப்பார்கள் என்பார்கள். மேலும், வளாக வானொலிகள் மாணவர்களின் பாட்டுக் கச்சேரியாகவே நின்றுவிட்டன என்று சொல்வதும் அநியாயம். அண்ணா எஃப்.எம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு, பெண்களின் உடல்நலம், ஊட்டச்சத்து பற்றிய தொடர்களை நடத்தியது. சுற்றுவட்டாரக் குடியிருப்புகளின் பெண்களே பேசவும் பேட்டி எடுக்கவும் பழகினார்கள். அந்நிலையத்தை உருவாக்கிய ஆர். ஸ்ரீதர் பின்னர் நாடெங்கும் பல நிலையங்கள் தொடங்க வழிகாட்டினார். இரத்தசோகை பற்றித் தன் தெருவுக்காரி பேசுவதைக் கேட்பதற்கும், டெல்லியிலிருந்து மொழிபெயர்த்து வந்த உரையைக் கேட்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் குறைத்து மதிப்பிட முடியாது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதே பெண் மைக்கைப் பிடித்து, தன் தெருவில் கழிவுநீர் கலந்த குடிநீர் வருகிறது, மூன்று வாரமாக மனு கொடுத்தும் வார்டு அலுவலகம் அசையவில்லை என்று சொன்னால் அது ஒலிபரப்பாகுமா? இரத்தசோகை பேசலாம். அதற்குக் காரணமான தண்ணீரை, காரணமானவர்களின் பெயரோடு பேசினால் அது செய்தி, செய்திக்கு அனுமதியில்லை.

2006 நவம்பரில் வந்த திருத்திய நெறி தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் தந்தது. நிலையத்தின் உடைமையும் நிர்வாகமும் அது சேவை செய்யும் சமுதாயத்தைப் பிரதிபலிக்க வேண்டும், நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தச் சமுதாயத்தின் பங்கேற்போடு உள்ளூரில் தயாராக வேண்டும் என்றும் அது எழுதிவைத்தது. படிக்க நல்ல வாசகங்கள். இவற்றைப் பழைய மாமல்லபுரம் சாலையில் வைத்துப் பார்க்கலாம். செம்மஞ்சேரியை ஒட்டிய ஜேப்பியார் நகரில் இருக்கிறது சத்யபாமா பல்கலைக்கழகம். அதற்கும் சமுதாய வானொலி உண்டு. அதன் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நகரத்துக் குடிசைப்பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களுக்காகக் கட்டிய செம்மஞ்சேரி மறுகுடியமர்வுக் குடியிருப்பு இருக்கிறது: 6,700க்கும் மேற்பட்ட வீடுகள். கொஞ்சம் வடக்கே கண்ணகி நகர். மேற்கே, 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரையிலிருந்தும் கூவத்தின் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள் நிறைந்த பெரும்பாக்கம். சமுதாய வானொலிக்குப் பொருத்தமான சமுதாயம் ஒன்றைத் தேடி வரைபடத்தில் விரல் வைத்தால் இங்கேதான் விழும். பழைய தொழிலையும் பள்ளியையும் உறவையும் விட்டுவந்தவர்கள், பேருந்து எத்தனை மணிக்கு, ரேஷன் அட்டை மாறுமா, லிஃப்ட் எப்போது சரியாகும் என்று அன்றாடம் விசாரித்துக்கொண்டிருப்பவர்கள். ஆனால் அவர்களுடைய வாழ்வின் மையக் கேள்வி, ‘எங்களை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள்’ என்பது. கைகழுவும் முறையையும் கல்விக் கடனையும் பற்றிப் பேசும் வானொலி இந்தக் கேள்வியின் பக்கத்தில்கூடப் போக முடியாது. போகாத வானொலியை அவர்கள் எதற்குக் கேட்க வேண்டும்? கேட்பவர் இல்லை என்ற முடிவு அப்புறம் மக்களின் ஆர்வமின்மையாகக் கணக்கில் எழுதப்படுகிறது.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு விடை இருக்கிறது. யாக்கிமா பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டங்களிலும் தண்ணீர்விட்டான் வயல்களிலும் வேலை செய்த மெக்சிக்கோ வம்சாவளிக் கூலித் தொழிலாளர்களுக்காக, கிரேஞ்சர் என்ற சிற்றூரில் 1979 டிசம்பரில் ‘ரேடியோ கே.டி.என்.ஏ’ தொடங்கியது. முழுநேர ஸ்பானிய மொழி நிலையம். ரிக்கார்தோ கார்சியா, ரோசா ரமோன் உள்ளிட்ட சிலர் சேர்ந்து உருவாக்கியது. ‘உழவுத் தொழிலாளியின் குரல்’ என்பது அதன் அடையாள வாசகம். கூலி, பூச்சிக்கொல்லி, தொழிலாளர் சட்டம், பெண்கள் மீதான வன்முறை எல்லாம் அதில் பேசப்பட்டன. குடியேற்றத் துறையினர் சோதனைக்கு வந்தால் குறிப்பிட்ட ஒரு பாட்டைப் போட்டு நேயர்களை எச்சரித்தார்கள் என்பது அந்நிலையத்தின் வரலாற்றில் அடிக்கடி பேசப்படும் விஷயம். நமக்கு இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. கே.டி.என்.ஏ.வின் உரிமமும் வணிகம் சாராத ‘கல்வி’ வகை உரிமம்தான். அந்த வகைக்கு ஒதுக்கிய 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் அது ஒலிக்கிறது. கல்வி என்ற தலைப்பின்கீழ் அங்கே உள்ளூர்ச் செய்தியும் அடங்கியது, இங்கே அடங்கவில்லை. எனவே கல்வி நிறுவனங்களிடம் உரிமம் போனதைத் தனியே குற்றம் சொல்லிப் பயனில்லை. தென்சென்னையின் கட்டடத் தளங்களில் ஒடியாவும் வங்காளமும் இந்தியும் பேசும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கூலி தராத ஒப்பந்தக்காரரைப் பற்றிய ஐந்து நிமிட நிகழ்ச்சியை அவர்கள் மொழியில் ஒலிபரப்ப எந்தக் கூடுதல் கருவியும் தேவையில்லை. வேண்டியது அனுமதியும், கொஞ்சம் துணிச்சலும்.

தடையின் வாசகத்தைக் கவனமாகப் படித்தால்தான் அதன் ஆழம் தெரியும். சமுதாய வானொலி செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்பக் கூடாது என்பது தொடக்க விதி. பின்னாளில் அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே அஞ்சல் செய்யலாம் என்று தளர்த்தினார்கள். டெல்லி தயாரித்த செய்தி தாம்பரத்துக்கு வரலாம், தாம்பரத்தின் செய்தி தாம்பரத்துக்கு வரக் கூடாது என்ற விசித்திர ஏற்பாடு இப்படித்தான் உருவானது. இன்னொரு தளர்வும் உண்டு. 2011இல் தனியார் பண்பலைக்காக வகுத்த கொள்கை, சிலவற்றைச் செய்தியாகக் கருத வேண்டாம் என்று ஒதுக்கியது: போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, பண்பாட்டு நிகழ்ச்சி, வேலைவாய்ப்பு, அப்புறம் மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், நோய்த் தொற்று பற்றிய பொது அறிவிப்புகள். சமுதாய வானொலிக்கும் இதே அளவுகோல் பின்னர் வந்து சேர்ந்தது. தாராளமான பட்டியல் என்று தோன்றும். ஆனால் அந்தக் கடைசி இனத்துக்கு ஒரு வால் இருக்கிறது: உள்ளூர் நிர்வாகம் வழங்கியபடி. நிர்வாகம் சொன்னால் சொல்லலாம். அது வாய் திறக்காவிட்டால் நிலையமும் திறக்கக் கூடாது. நிர்வாகம் சொன்னது தவறு என்று நேயர் ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னால் அதை ஒலிபரப்புவது விதிமீறல்.

2015 டிசம்பர் முதல் தேதியை இந்த விதியின்மேல் பொருத்திப் பார்க்கலாம். மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்தில் 47. ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடி என்பது அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்பட்ட உச்ச அளவு. முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான பகுதிகளும் மூழ்கின. அடையாறு கீழே சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் எடுத்துக்கொண்டது. மின்சாரம் போயிற்று, கைப்பேசிக் கோபுரங்கள் பல அணைந்தன. அந்த இரவில் ஒருவருக்கு வேண்டியிருந்த தகவல் மிகச் சாதாரணமானது: எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள், என் தெருவுக்கு எப்போது வரும், எந்தப் பக்கம் போகலாம். இது பொது அறிவிப்பும்தான், அதே சமயம் குற்றச்சாட்டும்தான், ஏனென்றால் எச்சரிக்கை ஏன் வரவில்லை என்பதிலிருந்து அதைப் பிரிக்க முடியாது. இந்த வெள்ளம் மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை சொன்னது. அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். இரண்டரை ஆண்டு கழித்துத் தணிக்கையாளர் எழுதலாம் என்றால், அந்த இரவிலேயே முடிச்சூர்க்காரர் ஒருவர் மைக்கில் சொல்வது மட்டும் ஏன் ஆபத்து? அதே மழைக்காலத்தில் கடலூரில் மாவட்ட நிர்வாகம் 107.8இல் பேரிடர்க்கால வானொலி ஒன்றை அமைத்து நடத்தியது. தேவை என்று முடிவெடுத்தால் ஒலிபரப்பி, கோபுரம், அனுமதி எல்லாம் எவ்வளவு விரைவில் கூடிவரும் என்பதை அது காட்டியது. கடலூர் முயற்சி பாராட்டத்தக்கது. அதன் மைக் நிர்வாகத்தின் கையில் இருந்தது என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

தடைக்கு ஆதரவான வாதங்களில் வலுவானது பாதுகாப்பு பற்றியது. நாடெங்கும் நூற்றுக்கணக்கான சிறு நிலையங்கள். அவை என்ன பேசுகின்றன என்று கண்காணிக்க அமைப்பு இல்லை. உள்ளூர்ச் சாதிப் பூசலில் ஒரு தவறான செய்தி தீயைப் பற்றவைக்கலாம் என்கிறார்கள். ‘காமன் காஸ்’ அமைப்பு 2013இல் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனபோது மத்திய அரசு எடுத்த நிலையின் சாரம் இதுதான். இந்த அச்சம் கற்பனை என்று ஒதுக்க மாட்டேன். வானொலி வதந்தியைச் சுமந்து கொலைக்குத் துணைபோன வரலாறு ருவாண்டாவில் உண்டு. பொலிவியாவில் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் சங்கச் சந்தாவில் நடத்திய நிலையங்கள், 1980 ராணுவப் புரட்சியின்போது ஒன்றோடொன்று இணைந்து செய்தி சொல்லிக்கொண்டிருந்து கடைசியில் துப்பாக்கி முனையில் அடக்கப்பட்டதும் உண்டு. முதல் எடுத்துக்காட்டு அரசின் வாதத்துக்கும் இரண்டாவது எதிர்வாதத்துக்கும் உதவும். ஆனால் நம் சூழலில் வாதம் இடறுவது வேறு இடத்தில். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாறிலும் பேட்டைச் செய்தித்தாள்கள் பல்லாண்டுகளாகக் கவுன்சிலரைக் கேள்வி கேட்டு வருகின்றன, முன்தணிக்கை இல்லை. தொலைக்காட்சிச் செய்தி இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது. கைப்பேசி வைத்திருக்கும் யாரும் யூடியூபில் தாம்பரச் செய்தி வாசிக்கலாம். மிகக் குறைந்த தூரம் போகக்கூடியதும், பெயர், முகவரி, உரிம எண் எல்லாம் அரசிடம் இருக்கக்கூடியதும், ஒலிபரப்பியதைப் பதிவாகப் பாதுகாக்கக் கடமைப்பட்டதும் ஆகிய ஊடகத்துக்கு மட்டும் தடை. கண்காணிக்க எளியதைத் தடுத்து, கண்காணிக்க முடியாததைத் திறந்துவிட்ட ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று அழைப்பது கடினம்.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. வாட்ஸ்அப் குழு இருக்கும்போது வானொலி யாருக்கு வேண்டும்? குடியிருப்போர் சங்கங்களின் குழுக்களில் தாம்பரத்தின் ஒவ்வொரு பள்ளமும் படத்தோடு வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழுக்களில் வீட்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுவேலைக்கு வருபவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் பெரும்பாலும் இல்லை. ஒரு குழுவின் செய்தி அடுத்த குழுவுக்குப் போகும்போது யார் சொன்னது என்பது உதிர்ந்துவிடுகிறது. தொலைத்தொடர்பு விழுந்தால் எல்லாம் விழும். பண்பலை வாங்கும் வசதி புதிய கைப்பேசிகளில் அருகி வருவது வானொலிக்குப் பெரிய அடி; 2023இல் மத்திய மின்னணுத் துறை இந்த வசதியை முடக்காமல் வைத்திருக்கும்படி உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியபோது பேரிடர்க் காலத்தைத்தான் காரணமாகக் காட்டியது. பேரிடரில் கேட்கப்பட வேண்டும் என்றால் சாதாரண நாளில் கேட்கும் பழக்கம் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பாட்டால் வளர்க்க முடியாது, பாட்டுக்குத் தனியார் பண்பலைகள் போதும்.

பணம்தான் உண்மையான சிக்கல் என்போரும் உண்டு. 2012இல் ஆண்டு அலைக்கற்றைக் கட்டணத்தை 19,700 ரூபாயிலிருந்து 91,000 ரூபாய்க்கு ஒரே தாவலில் உயர்த்தியபோது நாடெங்கும் சிறு நிலையங்கள் எதிர்த்தன, அரசு பின்வாங்கியது. 2024 பிப்ரவரி 13ஆம் நாள், உலக வானொலி தினத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மண்டல மாநாட்டில் புதிய நெறி வெளியானது. இந்தியச் சமுதாய வானொலியின் இருபதாண்டு நிறைவும் அப்போதுதான் கொண்டாடப்பட்டது. மணிக்கு ஏழு நிமிடமாக இருந்த விளம்பர நேரம் பன்னிரண்டு நிமிடமாயிற்று. பத்து விநாடிக்கு 52 ரூபாயாக இருந்த அரசு விளம்பரக் கட்டணம் 74 ஆயிற்று. கணக்குப் போட்டால், நேரம் முழுவதும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய். நிரம்புவது அரிது என்பது தெரிந்ததே. தாம்பரம் சண்முகம் சாலையின் துணிக்கடைக்காரர் விளம்பரம் தர வேண்டுமென்றால் தன் வாடிக்கையாளர்கள் அதைக் கேட்கிறார்கள் என்று அவர் நம்ப வேண்டும். அவர்கள் கேட்க வேண்டுமென்றால் வேறெங்கும் கிடைக்காத ஒன்று அதில் கிடைக்க வேண்டும். அது உள்ளூர்ச் செய்தி. பணப் பற்றாக்குறை தடையின் விளைவாகவும் இருக்கிறது என்பதைப் புதிய நெறி பார்க்க மறுத்தது. விளம்பரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டியவர்கள் செய்திக்கு ஒரு நிமிடம் தரவில்லை. ஆலோசனைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்ற நல்ல விதி அதே நெறியில் வந்தது. அந்தப் பெண்கள் எதைப் பேசலாம் என்ற விதி மாறவில்லை. 2008இல் தெலங்கானாப் பகுதியின் மச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ தொடங்கியபோது, அலைக்கற்றைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.பி. சாவந்த்தே வந்து அதைத் தொடங்கிவைத்தார். தீர்ப்பை எழுதியவர் வந்த விழாவில்கூட அந்தப் பெண்களுக்குச் செய்தி சொல்லும் உரிமை கைக்கு வரவில்லை.

தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. 2022 பிப்ரவரியில் எழுபது வார்டுகளுக்கும் முதல் தேர்தல் நடந்தது. ஒரே நாளில் ஒரே மாநகரமாக அறிவிக்கப்பட்ட பத்து ஊர்களின் மக்களுக்கு, ஒருவர் ஊரின் சிக்கல் மற்றவருக்குத் தெரியவேண்டிய முதல் சந்தர்ப்பம் அது. சிட்லபாக்கம் ஏரியும் அனகாபுத்தூர் ஆற்றங்கரையும் இனி ஒரே வரவு செலவுத் திட்டத்தில் போட்டியிடும். வார்டு வேட்பாளர்களை எதிரெதிரே உட்காரவைத்து அரைமணி நேரம் கேள்வி கேட்க 100 வாட் போதும். இந்த வட்டாரத்தின் எந்தச் சமுதாய வானொலியும் அதைச் செய்திருக்க முடியாது. செய்திருந்தால் உரிமம் போயிருக்கும்.

தடை தளரப்போகும் அறிகுறி ஒன்று தெரிகிறது, ஆனால் தவறான முனையில். தனியார் பண்பலைகள் மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தி ஒலிபரப்பலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. அரசு இதை ஏற்று, சமுதாய வானொலியை இப்போதுள்ள இடத்திலேயே விட்டுவைத்தால், ஏலத்தில் கோடிகள் கட்டியவருக்குச் சென்னை முழுவதற்கும் செய்தி சொல்லும் உரிமை வரும். செம்மஞ்சேரியின் பக்கத்திலும் காட்டாங்குளத்தூரிலும் நிற்கும் கோபுரங்கள் கைகழுவும் முறையையே சொல்லிக்கொண்டிருக்கும். வணிக நிலையம் எழுபது வார்டுகளின் மன்றக் கூட்டத்துக்கு நிருபரை அனுப்பாது, அதில் விளம்பரம் இல்லை. பெரிய சட்டத் திருத்தம்கூட உடனடியாகத் தேவையில்லை. செய்தியாகக் கருத வேண்டாம் என்று ஒதுக்கிய இனங்களின் பட்டியலில், பேரிடரும் குடிநீரும் இருக்கும் வரியில், ‘உள்ளூர் நிர்வாகம் வழங்கியபடி’ என்ற தொடரை எடுத்துவிட்டு, உள்ளாட்சி மன்ற நடவடிக்கைகளையும் சேர்த்தால் தொடக்கத்துக்குப் போதும். அவதூறுக்கும் வெறுப்புப் பேச்சுக்கும் ஏற்கெனவே உள்ள சட்டங்கள் வானொலிக்கும் பொருந்தும். அதற்குப் பிறகு கல்லூரி நிர்வாகிகள் துணிவார்களா என்பது வேறு கேள்வி. சிலர் துணிய மாட்டார்கள்; விதி தடுக்கிறது என்று சொல்லித் தப்பிக்கும் வசதி அவர்களுக்குப் போய்விடும். துணியாத நிலையத்தின் 90.4ஐ, மூன்றாண்டு பதிவுபெற்ற எந்தத் தாம்பரத்துச் சங்கமும் விண்ணப்பித்துக் கேட்கலாம்.